ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய குடும்பக் கார்: பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடம் ஓடிய, ஓடோமீட்டரில் ஆறு இலக்கம் தொட்ட சாதாரண குடும்பக் கார்களுக்கான பக்கம் இது. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பொருந்தும். இங்கே தரும் அளவுகள் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியாக வரும். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

1,20,000 கி.மீ. ஓடிவிட்டது. இனி செலவு வைத்துக்கொண்டே இருக்குமா?

கிலோமீட்டர் பாதிக் கதைதான். தேய்கிற பாகங்களுக்கு, அதாவது பிரேக் பேடு, கிளட்ச், பேரிங் போன்றவற்றுக்கு, அது கணக்கு. ரப்பருக்கும் திரவங்களுக்கும் காலண்டர்தான் கணக்கு. கூலண்ட் ஹோஸ், டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், ஆயில் சீல், டயர் எல்லாம் வண்டி நின்றாலும் முதுமையடையும். எட்டு வருடத்தில் 40,000 கி.மீ. மட்டும், அதுவும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடிய வண்டி, நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியைவிட மோசமான நிலையில் இருப்பது சகஜம். சர்வீஸ் அட்டவணையில் 'கி.மீ. அல்லது மாதம், எது முந்தியோ அது' என்று போட்டிருப்பதில் மாதத்தைப் பலர் படிப்பதே இல்லை. பழைய வண்டியில் அதிகம் கையைக் கடிப்பது அந்த விடுபட்ட பாதிதான்.

பழைய வண்டி வாங்கியிருக்கிறோம். சர்வீஸ் பதிவு எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதிவு இல்லாத வேலையை 'நடக்கவில்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'எல்லாம் மாத்தியாச்சு சார்' என்பதற்கு ரசீது இருந்தால்தான் மதிப்பு.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டவை: டயரின் வயது, பிரேக் பேடு, பிரேக் ஆயில், ஸ்டீயரிங் இணைப்புகளில் ஆட்டம். அடுத்து, ஒரே நொடியில் என்ஜினைக் கொன்றுவிடக்கூடியவை: டைமிங் பெல்ட், கூலண்ட், என்ஜின் ஆயில். இந்த இரண்டும் முடிந்த பிறகு கியர் ஆயில், பிளக், ஃபில்டர்கள். ஏசி, சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாம் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

செய்த வேலையைத் தேதி, கி.மீ., போட்ட பொருளின் கிரேடு மூன்றையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். ஆயில் ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் தேதி எழுதிவிட்டால் அடுத்த முறை யாரும் ஏமாற்ற முடியாது.

ஆயில் அளவு பார்ப்பதில் என்ன பெரிய விஷயம்?

தவறாகப் பார்ப்பது மிக எளிது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் விட்டால்தான் மேலே போன ஆயில் சேம்பருக்கு, அதாவது என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கும். டிப்ஸ்டிக்கை முதல் முறை இழுக்கும்போது வரும் அளவை நம்பாதீர்கள். குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் அதில் ஏறியிருக்கும். துடைத்து, அடிவரை செருகி, மறுபடி இழுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம் காட்டினால் குறைந்ததுதான் சரி.

பல நான்கு சிலிண்டர் வண்டிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 1 லிட்டர். பாதியில் நின்றால் பதறி ஒரு முழு டப்பாவை ஊற்ற வேண்டாம். மேல்கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஆயிலைக் கலக்கி நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயிலால் பேரிங்கைத் தாங்க முடியாது, சீலையும் தள்ளும்.

பழைய வண்டிக்கு இதை 1,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது பெட்ரோல் நிரப்பும் இரண்டாவது தடவைதோறும் பாருங்கள். ஆயில் லைட் எரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கும். உடனே என்ஜினை நிறுத்துங்கள்.

எத்தனை கி.மீ.க்கு ஆயில் மாற்றுவது? தடித்த ஆயில் போடலாமா?

நீண்ட பயணமே அதிகம் என்றால் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம். தினமும் நாலைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டிக்கு 5,000 முதல் 7,500 கி.மீ. குறுகிய ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் வரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி, கசடாக மாறுகின்றன.

கிரேடு, அதாவது ஆயிலின் தடிமனைச் சொல்லும் எண், விஷயத்தில் மூடநம்பிக்கை நிறைய. 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினுக்கு 'வயசாச்சு' என்று 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் மேல்பாகங்களுக்கு ஆயில் தாமதமாகப் போகும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வ் டைமிங் அமைப்பு இருந்தால் அதுவும் தடுமாறும். கையேடு பல கிரேடுகளை அனுமதிக்கும்போது, வெயில் அதிகமான இடத்தில் ஒரு படி தடித்ததற்கு, உதாரணமாக 5டபிள்யூ-30 இலிருந்து 5டபிள்யூ-40க்கு, மாறலாம். அதோடு நிறுத்துங்கள்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய என்ஜின் ஒழுகும் என்ற பயம் பெரும்பாலும் வீண். நல்ல சீலை சிந்தெடிக் ஆயில் கெடுக்காது. கசடு அடைத்து மறைத்திருந்த ஓட்டையை அது சுத்தம் செய்து காட்டிக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஆயில் மாற்ற வேண்டும். எங்கே தப்பு நடக்கும்?

வேலை எளிது, தப்புகள்தான் விலை உயர்ந்தவை. முதல் தப்பு, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது. இறுகிய தரை, ஜாக்கி ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு அடைகல், ஹேண்ட் பிரேக், இத்தனையும் இல்லாமல் உடம்பை வண்டிக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள்.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி மிதமான சூடாக்கி அணையுங்கள். மேலே ஆயில் மூடியைத் திறந்து வைத்தால் கீழே வேகமாக இறங்கும். ட்ரெயின் பிளக்கைக் கழற்றி 15 நிமிடம் சொட்ட விடுங்கள். பிளக்கின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், புதிது போடுங்கள். பழைய வாஷரோடு ஒழுகுகிறது என்று மேலும் மேலும் இறுக்கித்தான் அலுமினிய சேம்பரின் மரை போகிறது. பல வண்டிகளில் அந்த பிளக்குக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். உடம்பு எடை முழுக்கப் போட்டு இழுக்கிற வேலை அல்ல.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதிய ஃபில்டரை மாட்டினால், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் இருக்கும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. ஸ்பானர் வேண்டாம்.

சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை நிரப்புங்கள். அடியில் எட்டிப் பார்த்துவிட்டு வேலையை முடியுங்கள். கழிவு ஆயில் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகக் கூடாது. டப்பாவில் அடைத்து, சேகரிக்கிற இடத்தில் கொடுங்கள்.

வண்டி ஆயில் குடிக்கிறது. என்ஜின் போச்சா?

அவசரப்பட வேண்டாம். பல நிறுவனங்கள் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்றே சொல்கின்றன. அது தாராளமான வரம்புதான். 3,000 கி.மீ.க்கு 1 லிட்டர் என்றால் ஒரு டப்பாவை டிக்கியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம்.

எங்கே போகிறது என்பதைப் புகை சொல்லும். சிக்னலில் நின்று கிளம்பும்போதோ, காலை ஸ்டார்ட்டிலோ ஒரு கொத்து நீலப்புகை வந்து மறைந்தால் வால்வ் சீல். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது வருவதும் அதுவே. மேட்டில் இழுக்கும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர். டர்போ இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.

என்ஜினைப் பிரிக்கும் பேச்சுக்கு முன் பிசிவி வால்வைப் பாருங்கள். என்ஜினுக்குள் சேரும் வாயுவை உறிஞ்சி இன்டேக்குக்கு அனுப்பும் சின்னப் பாகம் அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை எரியவும் வைக்கும், சீல் வழியே ஒழுகவும் வைக்கும். பல வண்டிகளில் கழற்றிக் குலுக்கினால் 'டக் டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றுங்கள். ரிங் வேலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லாத சோதனை.

அடியில் சொட்டுகிறது. எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு, ஆட்டோமேட்டிக் கியர் அல்லது பவர் ஸ்டீயரிங். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பில் இனிப்பு வாடை வந்தால் கூலண்ட். சக்கரத்தின் உட்பக்கம் தெளிவான, வழவழப்பான சொட்டு என்றால் பிரேக் ஆயில். அது தெரிந்த பிறகு வண்டியை எடுக்கக் கூடாது. ஏசி போட்ட பிறகு வரும் தெளிந்த தண்ணீர் வெறும் தண்ணீர்தான்.

ஆயில் கீழே சொட்டினாலும் மூலம் மேலே இருக்கும். வால்வ் கவர் கேஸ்கட்தான் முதல் சந்தேகம். அங்கிருந்து பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். 'ரியர் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்' என்று யாராவது சொன்னால், முதலில் என்ஜினைக் கழுவித் துடைத்து, 100 கி.மீ. ஓட்டி, ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது? பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது?

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் இந்தப் பெல்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்றைய பெல்ட்டுகள் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளிழை அறுந்து போகும். பொதுவாக 60,000 முதல் 1,00,000 கி.மீ. அல்லது 5 முதல் 7 வருடம். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் திறந்த வால்வில் பிஸ்டன் மோதும். வால்வ் வளையும், சில நேரம் பிஸ்டனும் ஓட்டையாகும். முன்னறிவிப்பு அனேகமாக இருக்காது.

மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங், அதே பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்தே மாற்றுங்கள். கூலிதான் இதில் பெரிது. பழைய பம்ப் ஆறு மாதத்தில் ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். பெல்ட் மேல் ஆயில் படும்படி கேம் சீல் ஒழுகினால் அதையும் அப்போதே முடியுங்கள்.

பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள வண்டிக்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. காலை ஸ்டார்ட்டில் சில நொடி 'கரகர' என்று உலோகச் சத்தம் வந்தால் செயின் நீண்டிருக்கலாம் அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். செயினின் ஆயுள் ஆயில் மாற்றும் ஒழுங்கில்தான் இருக்கிறது.

குளிர் இல்லாத இடம்தானே, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போதாதா?

போதாது. கூலண்ட் உறைவதை மட்டும் தடுப்பதில்லை. துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், நல்ல ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில், 125 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். குழாய்த் தண்ணீர் உள்ளே உப்புப்படலத்தை உண்டாக்கி ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைக்கும். அலுமினிய ஹெட்டை அரிக்கும். கலக்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர்.

பழைய வகைப் பச்சைக் கூலண்ட் 2 வருடம் அல்லது 40,000 கி.மீ., நீண்ட ஆயுள் வகை 5 வருடம் தாங்கும். நிறத்தை வைத்து வகையை முடிவுகட்டாதீர்கள். நிறம் வெறும் சாயம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டப்பாவில் எழுதியிருக்கும் தரக்குறியீட்டைப் பாருங்கள். வேறு வகைகளைக் கலந்தால் துருத்தடுப்பு பலவீனமாகும், சிலது களியாகவும் திரளும்.

கழுவி மாற்றும்போது பலரும் தவறவிடும் கணக்கு ஒன்று. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கழுவி வடித்தால் 4 லிட்டர்தான் இறங்கும். என்ஜினுக்குள் 2 லிட்டர் வெறும் தண்ணீர் தங்கிவிடும். இப்போது பாதிக்குப் பாதி கலந்து விற்கும் தயார்நிலைக் கலவையை 4 லிட்டர் ஊற்றினால் கூலண்ட் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே தண்ணீர் கலக்காத அடர்கூலண்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றி, மிச்சம் 1 லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள்.

நிரப்பியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். வண்டி ஆறிய பிறகு அளவு இறங்கியிருக்கும், மறுபடி நிரப்புங்கள்.

வெப்பமுள் ஏறுகிறது. என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள், ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழுக்கத் திறங்கள், ஓரம் கட்டுங்கள், என்ஜினை அணையுங்கள். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், வீடு வந்துடும்' என்ற கணக்கில்தான் ஹெட் வளைகிறது. பல வண்டிகளில் முள் சாதாரண வரம்பு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அது நடுவைவிட்டு நகர்ந்தாலே விஷயம் முற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

மேல் ஹோஸ் கைக்கு ஆறித் தளரும்வரை, குறைந்தது அரை மணி முதல் முக்கால் மணி நேரம், மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் என்ஜினுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடலாம்.

எப்போது சூடேறியது என்பதே பாதி நோயறிதல். டிராஃபிக்கில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், அதன் ரிலே அல்லது சென்சார். வேகத்தில் ஏறி, ஊருக்குள் சரியாக இருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, கூலண்ட் குறைவு அல்லது பம்ப். இரண்டிலும் சீக்கிரமாக ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். எங்கும் ஒழுகாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போய், காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகினால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் பழுப்புக் களிம்பு இருப்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். குறுகிய ஓட்டத்து ஈரமும் அதே களிம்பைத் தரும்.

பிரேக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பேடு புதிதில் 10 முதல் 12 மி.மீ. தடிமன். 3 மி.மீ. ஆனால் மாற்றுங்கள். வெளிப்பக்கப் பேடு மட்டும் சக்கரத்தின் இடைவெளி வழியே தெரியும், உட்பக்கப் பேடும் முக்கியம். ஒன்று தேய்ந்து மற்றது அப்படியே இருந்தால், பேடை அழுத்தும் கேலிப்பரின் ஸ்லைடு பின் இறுகிவிட்டது. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்து மறுபடி இறுக்கிவிடும்.

பேடு தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதை நிரப்பிவிட்டால், புதுப் பேடு போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி பெயின்ட்டைத் தின்னும். மட்டம் இறங்கினால் நிரப்பும் முன் பேடைப் பாருங்கள்.

பிரேக் ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155. நீண்ட மலை இறக்கத்தில் ஈரம் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 ஊற்றாதீர்கள். அது சிலிக்கோன், மற்றதோடு சேராது.

பழைய வண்டியில் பிரேக் ப்ளீடு செய்யும்போது, அதாவது பெடலை மிதித்துப் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் முற்பாதியில்தான் சீல் நகர்கிறது. மிச்சப் பகுதியில் வருடக்கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த பெடல், பிரேக் ஆயில் மாற்றிய மறுநாள் இறங்குவதற்குக் காரணம் பல நேரம் இதுதான். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்துப் பாதி தூரம் மட்டும் மிதியுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாகிறதா? ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கலாம். மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது.

டயரில் பட்டன் இருக்கிறது. இன்னும் ஓட்டலாமா?

பட்டனோடு, அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடுகளோடு, வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத் தயாரிப்பு. ஆறு வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்பு தேடுங்கள். பத்து வருடம் எந்தச் சாக்கும் இல்லாத முடிவு. ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பள்ளங்களின் அடியிலுள்ள மேட்டுக்கோடு 1.6 மி.மீ.யில் டயர் முடிந்ததாகக் காட்டும். மழைக்கு அதற்கு முன்பே, 3 மி.மீ.யிலேயே பிடிப்பு குறையும்.

தேய்வைப் படியுங்கள். நடு தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, உள்ளோரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் அல்லது தளர்ந்த புஷ். புஷ் தளர்ந்த வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. முதலில் புஷ்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிதானா?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் பதில் சொல்லும். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 சுமார் முக்கால், 12.2 பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். என்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.7 வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், பழைய வண்டியில் எர்த் கேபிள்தான் ஒளிந்திருக்கும் குற்றவாளி. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் உள்ளே அரித்திருக்கிறது அல்லது முனையில் துரு. டெர்மினலின் வெள்ளை, பச்சைப் பூஞ்சையை வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கியர் ஆயில் 'வாழ்நாள் முழுக்க' என்று எழுதியிருக்கிறதே?

யாருடைய வாழ்நாள் என்பதுதான் கேள்வி. மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோ, 60,000 முதல் 80,000 கி.மீ.க்கு மாற்றுவது நல்லது. எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

ஆட்டோமேட்டிக்கில் வடித்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் இறங்கும், மிச்சம் டார்க் கன்வர்ட்டரில் தங்கும். சில நூறு கி.மீ. இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை வடித்து நிரப்புங்கள். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவது பழைய பெட்டிக்கு வேண்டாத வேலை. சிவிடி என்ற படிகளில்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே உள்ள ஆயில் மட்டும். கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, ஆயில் கருகிய வாடை அடிக்கிறது என்றால் தேய்ந்த கிளட்சை எந்த ஆயிலும் மீட்காது.

வண்டி இழுக்கவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது.

பிளக்கிலிருந்து தொடங்குங்கள். சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ., இரிடியம் 80,000 முதல் 1,00,000. குளிர்ந்த என்ஜினில் மட்டும் கழற்றுங்கள். சூட்டில் அலுமினிய மரை பிளக்கோடு வந்துவிடும். கழற்றும் முன் குழியிலுள்ள தூசியை ஊதி எடுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை முதலில் விரலால் திருகுங்கள்.

பிளக்கின் முனை வெளிர்பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஆயில் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வ் சீல். பிளக்கின் மேற்பகுதி ஆயிலில் மூழ்கியிருந்தால் அது வேறு கதை, வால்வ் கவர் சீல் மட்டும்தான்.

பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் மேல் சந்தேகமா? ஸ்கேனரில் பி0301 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால் மிஸ்ஸிங் முதல் சிலிண்டரில். அதன் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான். பி0301 ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். வாங்காமலேயே உறுதிசெய்யும் வழி இது.

செக் என்ஜின் லைட் எரிகிறது. உடனே நிற்க வேண்டுமா?

நிலையாக எரிந்தால் ஓட்டிப்போய்ப் பார்க்கலாம். மின்னினால் மிஸ்ஸிங் கடுமை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துங்கள்.

கோடு ஒரு பாகத்தின் பெயர் அல்ல, ஓர் அறிகுறியின் பெயர். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பழைய வண்டியில் அநேகமாக விறைத்து வெடித்த இன்டேக் ஹோஸ் அல்லது அழுக்கான காற்றளவுச் சென்சார். பி0420, அதாவது கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு, வந்தவுடன் கன்வர்ட்டர் வாங்கிவிடாதீர்கள். எக்ஸாஸ்ட்டில் சிறு கசிவு இருந்தாலும் அதே கோடு வரலாம். கோளாறுக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் அழிக்கச் சொல்லாதீர்கள். கோளாறு நடந்த நொடியின் வேகம், வெப்பம் எல்லாம் அதோடு பதிவாகியிருக்கும்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

நிறைய. சின்னக் குழிகளில் 'டொக் டொக்': ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது அதன் புஷ். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது 'டிக் டிக் டிக்': டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்த அன்றே பார்த்திருந்தால் பூட்டும் கிரீஸும் போதும். வேகத்தோடு ஏறும் 'ஊ...' என்ற முனகல் இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் பெரும்பாலும் வலப்பக்க வீல் பேரிங், ஏனெனில் எடை அங்கே சாய்கிறது. 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

டீசலுக்குத் தனியாக ஏதாவது?

டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு சர்வீஸிலும் வடியுங்கள். ஊசிமுனை அளவுத் துல்லியத்தில் இயங்கும் இன்ஜெக்டருக்குத் தண்ணீர் விஷம். இரவு நின்றால் காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், என்ஜினைக் குளிரில் சூடாக்கும் குளோ பிளக்கோடு, வெடித்த ரிட்டர்ன் ஹோஸ் வழியே காற்று இழுக்கிறதா என்றும் பாருங்கள். புகை வடிகட்டி உள்ள டீசலில் டிப்ஸ்டிக் அளவு ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் சுத்திகரிப்பு முடியாமல் பாதியில் நிறுத்தப்பட்டு, டீசல் ஆயிலில் கலக்கிறது. உடனே ஆயில் மாற்றி, நீண்ட ஓட்டம் கொடுங்கள்.

ஃபில்டர்கள்?

ஏர் ஃபில்டர் 15,000 முதல் 20,000 கி.மீ., தூசி வழி என்றால் பாதி. ஏசி ஃபில்டர் வருடம் ஒருமுறை. காற்றடித்துச் சுத்தம் செய்தே காலம் தள்ளாதீர்கள், காகிதம் கிழியும்.

என்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் மருந்து, இவை தேவையா?

ஒழுங்காக ஆயில் மாற்றிய என்ஜினுக்குத் தேவையே இல்லை. கவனிக்காமல் விட்ட என்ஜினுக்கு ஆபத்து. மொத்தமாகக் கரைந்த கசடு ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். அப்படிப்பட்ட என்ஜினை நல்ல ஆயில் ஊற்றி, 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றி, மெதுவாகவே சுத்தமாக்க வேண்டும்.

வண்டி அதிகம் எடுப்பதில்லை. தினமும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டால் போதுமா?

அது நன்மையைவிடக் கெடுதல். ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜ் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் திரும்பாது, எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், ஆயிலில் பெட்ரோல் சேரும். வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள், ஏசியையும் போட்டு. பிரேக்கை நாலைந்து முறை நன்றாக மிதித்தால் டிஸ்க்கின் துரு போகும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் நெகட்டிவைக் கழற்றி, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் அடைகல் வைத்து கியரில் நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும் நாளில் செல்ஃப் அடிக்கும் முன் பேனட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். நிற்கிற வண்டியில் எலிதான் முதலில் குடியேறும்.